எண்பது வயது ஒரு நோயன்று

மருத்துவ வரலாற்று நூல்களைப் புரட்டும்போது நாம் பெரும்பாலும் காண்பது வெற்றிகளின் பட்டியலையே. எந்த ஆண்டில் எந்த மருந்து கிடைத்தது, எந்த நாட்டில் எவர் முதலில் கத்தியை எடுத்தார் என்பன அங்கே வரிசையாக நிற்கும். அப்பட்டியலுக்கு அடியில் மற்றொரு வரலாறும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கு மருத்துவம் அளிப்பது, யாரை இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வீட்டிற்கு அனுப்புவது என ஒவ்வொரு தலைமுறையும் எடுத்த முடிவுகளின் வரலாறு அது. அம்முடிவுகளில் நெடுங்காலம் கேள்வியின்றி ஏற்கப்பட்ட காரணம் ஒன்று உண்டு. 'வயதாகிவிட்டது' என்பதே அக்காரணம்.

மூச்சு வாங்குகிறது என்று முதியவர் சொன்னால் வயது என்கிறோம். மாடிப்படி ஏற முடியவில்லை என்றாலும் வயது. தலைசுற்றி விழுந்தாலும் வயது. சொல்பவர் அன்பில்லாதவர் அல்லர். கேட்பவரும் அதனை ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுகிறார். இந்த அமைதியை ஏற்க மறுத்த இதய மருத்துவர் ஒருவரின் நாற்பதாண்டுப் பணியை இங்கு எண்ணிப் பார்ப்போம். பிரான்சு நாட்டு ரூவான் நகரின் அலென் கிரிபியே என்பவரே அவர். 1945ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாரிசில் பிறந்து, 2024 பிப்ரவரி 16ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

கல்லாகும் கதவு

அவர் எதிர்கொண்ட நோயை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். இதயத்தின் இடக் கீழறையிலிருந்து குருதி உடலெங்கும் செல்லப் புறப்படும் வாயிலில் மூன்று மெல்லிய இதழ்களைக் கொண்ட மகாதமனி வால்வு அமைந்துள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை அது திறந்து மூடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு அவ்விதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அவை தடித்து இறுகுகின்றன. மூன்று நான்கு சதுர சென்டிமீட்டர் அளவு திறக்க வேண்டிய வாயில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகிவிடுகிறது. அக்குறுகிய வழியே குருதியைத் தள்ள இதயம் தன் முழு வலிமையையும் செலவிட்டு, இறுதியில் களைத்துப் போகிறது.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகிய மூன்றும் இந்நோயின் அறிகுறிகள். 1968இல் ராஸ், பிரவுன்வால்டு என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இந்நோயின் போக்கை ஆராய்ந்து, நெஞ்சுவலி தோன்றியபின் சராசரியாக 5 ஆண்டுகளும், மயக்கம் தோன்றியபின் 3 ஆண்டுகளும், இதயத் தளர்ச்சி தோன்றியபின் 2 ஆண்டுகளுமே எஞ்சுகின்றன எனக் காட்டினர். பல புற்றுநோய்களைவிடக் கடுமையான கணக்கு இது. ஆயினும் இதன் அறிகுறிகள் யாவும் முதுமையின் இயல்புகள்போலவே தோன்றுவதால், நோய் முதுமையின் போர்வைக்குள் எளிதில் மறைந்துகொள்கிறது.

இதற்கு மருத்துவம் இல்லாமலில்லை. 1953இல் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் அறுவை செய்து வெற்றி கண்டார். 1960இல் டுவைட் ஹார்க்கன் மகாதமனி வால்வு இருந்த இடத்திலேயே செயற்கை வால்வைப் பொருத்தினார். அதன்பின் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். ஆனால் அதற்கு மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, மீண்டும் இயக்க வேண்டும். எழுபதின் நடுப்பகுதியைக் கடந்தவரின் உடல் இதனைத் தாங்காது என்று 1980களில் பல அறுவை மருத்துவர்கள் எண்ணினர். அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் இந்நோய் மிகுதியாகத் தாக்குவது அவ்வயதினரைத்தானே! இருந்த ஒரே மருத்துவம், நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

பலூனும் ஒரு வினாக்குறியும்

ரூவான், சேன் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகர். 1431இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க் தீக்கிரையாக்கப்பட்ட ஊர் என்று நம் வாசகர் அறிவர். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனை, 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற சார்ல் நிக்கோலின் பெயரைத் தாங்கியது. கிரிபியே 1970களில் லாஸ் ஏஞ்சலிசில் ஸ்வான், கான்ஸ் எனும் அறிஞர்களிடம் பயின்று திரும்பி, அம்மருத்துவமனையிலேயே தம் வாழ்நாட் பணியை ஆற்றினார். பியானோ இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். விரல்களின் பயிற்சி பின்னாளில் வேறொரு வகையிலும் பயன்பட்டது போலும்.

1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்பார், கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயின் நுனியில் பலூனை ஏற்றிச் சென்று, அடைபட்ட இதயத் தமனியைத் திறந்திருந்தார். பின்னர்க் குழந்தைகளின் பிறவிக் குறையான வால்வுச் சுருக்கத்திற்கும் பலூன் பயன்பட்டது. குழந்தையின் வால்வு மென்மையானது. முதியவரின் வால்வோ கல்லைப்போல் இறுகியது. அதனைக் காற்றுப்பை ஒன்று திறக்குமா?

1985 செப்டம்பரில் அறுவை மறுக்கப்பட்டிருந்த 72 வயதுப் பெண்மணி ஒருவரிடம் கிரிபியே அதனை முயன்றார். வால்வு திறந்தது, மயக்கமும் வலியும் நீங்கின. அடுத்த சனவரியில் 'லான்செட்' இதழில் மூன்று நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பில் இரண்டு செய்திகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று, முதிய நோயாளிகள் என்று அது வெளிப்படையாகவே கூறியது. மற்றொன்று, வால்வு மாற்றத்திற்கு இது மாற்று வழியாகுமா என்று ஒரு வினாக்குறியுடன் அது முடிந்தது.

அவ்வினாவிற்குக் காலம் தந்த விடை கசப்பானது. உலகெங்கும் மருத்துவர்கள் பலூனைக் கையாண்டனர். ஆனால் ஓராண்டிற்குள் பெரும்பாலோர்க்கு வால்வு மீண்டும் குறுகியது. ஆர்வம் எழுந்த வேகத்திலேயே தணிந்தது. கிரிபியே தம் வினாவைக் கைவிடவில்லை.

பழிக்கப்பட்ட திட்டம்

திறந்த வால்வு மீண்டும் மூடாதிருக்க வேண்டுமாயின், அங்கேயே ஒரு தாங்கி நிலைத்திருக்க வேண்டும். ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழலுக்குள் புதிய வால்வைத் தைத்து, அதனைச் சுருக்கிக் குழாய் வழியே கொண்டுசென்று, பலூனால் விரித்துப் பழைய வால்வின் மீதே பதித்துவிடலாம் என்று அவர் எண்ணினார். இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கே உரியதன்று என்பதையும் நேர்மையுடன் குறித்தல் வேண்டும். டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் 1989 மே முதல் நாளிலேயே இத்தகைய வால்வைப் பன்றியொன்றின் உடலில் பொருத்தியிருந்தார். பிலிப் போன்ஹோஃபர் 2000ஆம் ஆண்டில் நுரையீரல் தமனி வால்வை இம்முறையில் ஒரு சிறுவருக்குப் பொருத்தினார். முதியவரின் கல்லான மகாதமனி வால்வில் இது நிற்குமா என்பதே கிரிபியேயின் தனிக் கேள்வி.

இடர்கள் கண்முன்னே இருந்தன. இதயத்திற்கே குருதி வழங்கும் தமனிகளின் வாய்கள் சற்று மேலே உள்ளன. மிட்ரல் வால்வு கீழே உள்ளது. இதயத் துடிப்பின் மின்னோட்டம் செல்லும் நரம்பொத்த இழைகள் அருகே உள்ளன. இவற்றில் எதனைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. 1993-94இல் கிரிபியேயும் அவர்தம் துணைவரும், இந்நோயுற்று இறந்தோரின் இதயங்களில் ஸ்டென்டை விரித்துப் பார்த்தனர். இறுகிய சுண்ணாம்பே அதனை உறுதியாகப் பற்றிக்கொண்டதைக் கண்டனர். சரியான உயரத்தில் அமைத்தால் அவ்விடர்களைத் தவிர்க்கலாம் என்றும் அளந்து தெளிந்தனர். நோயைத் தந்த கல்லே மருந்தைத் தாங்கும் தூணாயிற்று.

இத்திட்டத்துடன் அவர் பல நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார்; ஒன்றும் திறக்கவில்லை. தாங்கள் கேட்டவற்றுள் இதுவே மிகவும் அறிவற்ற திட்டம் என்று ஒரு நிறுவனத்தின் வல்லுநர்கள் கூறியதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். முடிவில் 1999இல் அமெரிக்க மருத்துவர் மார்ட்டின் லியோன் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து தாமே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்க நேர்ந்தது. இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர்கள் வால்வை வடிவமைத்தனர். செம்மறியாடுகளில் சோதனைகள் நடந்தன.

2002 ஏப்ரல் 16ஆம் நாள் ரூவானில் முதல் மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. அவர் முதியவரும் அல்லர், 57 வயதினர். இதயம் முற்றும் தளர்ந்து உயிர் பிரியும் நிலையில் இருந்தார். அறுவை மருத்துவர்கள் கைவிட்டிருந்தனர். கால் தமனிகளும் அடைபட்டிருந்தன. எனவே சிரை வழியாக இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, நடுச்சுவரைத் துளைத்து, இடப்புறம் சென்று வால்வைப் பதித்தனர். மாட்டின் இதய உறையிலிருந்து செய்த மூன்று இதழ்கள் உடனே இயங்கத் தொடங்கின. ஏறத்தாழ நான்கு திங்களுக்குப்பின் அவர் வேறு நோய்ச் சிக்கல்களால் இறந்தார். வால்வு இறுதிவரை இயங்கிற்று.

எண்கள் சொன்ன சாட்சியம்

இதற்கிடையே மற்றோர் உண்மையும் வெளிவந்தது. கடுமையான வால்வுச் சுருக்கமும் அறிகுறிகளும் உடைய 75 வயதிற்கு மேற்பட்ட ஐரோப்பிய நோயாளிகள் 216 பேரைப் பற்றிய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அவர்களில் 72 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு, அறுவை வேண்டாம் என முடிவு செய்யப்பட்டிருந்தது. கைவிடப்பட்டோர் எத்துணைப் பேர் என்பது எண்களால் தெரிந்தது.

அத்தகையோருக்காகவே அமெரிக்காவை மையமாகக் கொண்டு நடந்த 'பார்ட்னர்' ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. அறுவைக்குத் தகுதியற்றோர் என விலக்கப்பட்ட 358 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்தம் சராசரி வயது 83. பாதிப்பேருக்குப் புதிய வால்வும், மறுபாதிக்கு வழக்கமான மருத்துவமும் அளிக்கப்பட்டன. வழக்கமான மருத்துவம் பெற்றோருள் பெரும்பாலோர்க்குக் கிரிபியேயின் பழைய பலூன் முறையே கையாளப்பட்டது என்பது எண்ணத்தக்கது. ஓராண்டு கழிந்தபோது, வழக்கமான மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு 50.7 பேரும், புதிய வால்வு பெற்றோரில் 30.7 பேரும் இறந்திருந்தனர். ஐவருக்குப் பொருத்தினால் ஓராண்டில் ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்படும் என்பது இதன் பொருள். தொடக்கத்தில் பக்கவாதம் மிகுந்திருந்தது என்ற குறையையும் அவ்வாய்வு மறைக்கவில்லை.

காலச் சக்கரம் விரைந்து சுழன்றது. அறுவையைத் தாங்கக்கூடிய, இடர் குறைந்தவர்களுக்கும் இம்முறை ஏற்றதென 2019இல் ஆய்வுகள் காட்டின. 2021இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள், 75 வயதும் அதற்கு மேலும் உடையோர்க்கு இதனையே முதல் தெரிவாக வைத்தன. ஒரு காலத்தில் வாயிலை அடைத்த அதே வயது, இப்போது வாயிலைத் திறக்கும் திறவுகோலாயிற்று!

இரண்டாம் கேள்வி

இங்கேயே கட்டுரையை முடித்துவிட்டால், மீண்டும் ஒரு வெற்றிப் பட்டியலையே நாம் எழுதியவர்களாவோம். புதிய வால்வு பெற்ற பின்னரும் நூற்றுக்கு முப்பது பேர் ஓராண்டிற்குள் இறந்தனர் அல்லவா? அவர்களில் சிலருக்கு வால்வு மட்டுமே நோயாக இருக்கவில்லை. உடல் முழுதும் நலிந்திருந்தவர்க்கு, வாயிலைச் சீர்செய்ததால் வீடு சீராகிவிடவில்லை.

எனவே ஆய்வாளர்கள் மற்றொரு கேள்வியை எழுப்பினர்: வயது அளவுகோல் அன்றெனில் எது அளவுகோல்? விடைகள் வியப்பூட்டும் எளிமை உடையவை. எழுபதைக் கடந்து இதய அறுவைக்கு வருவோர் 5 மீட்டர் நடக்க 6 வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால், அவர்க்கு இடர் மிகுதி எனக் கனடாவின் ஜோனதன் அஃபிலாலோவும் குழுவினரும் 2010இல் காட்டினர். 2017இல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முதியோரை ஆராய்ந்து நான்கு சோதனைகளைப் பரிந்துரைத்தனர். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ முடிகிறதா, நினைவாற்றல் எவ்வாறுள்ளது, குருதியில் ஹீமோகுளோபினும் அல்புமினும் போதிய அளவு உள்ளனவா என்பவையே அவை. எண்பத்தெட்டு வயதில் தோட்டத்தில் நடப்பவரும், எழுபதில் எழ முடியாதவரும் இருக்கிறார்கள். பிறந்த ஆண்டு இவ்வேறுபாட்டைச் சொல்லாது. அருகில் அமர்ந்து பார்ப்பவரே சொல்ல முடியும்.

முதியவரை வயதைக் காட்டி விலக்குவது ஒரு வகைப் புறக்கணிப்பு. கருவி கையில் இருக்கிறது என்பதற்காக, அவர் விருப்பத்தைக் கேளாமல் எல்லாவற்றையும் செய்து தீர்ப்பது மற்றொரு வகைப் புறக்கணிப்பு. இரண்டிலும் அம்மனிதர் காணப்படுவதில்லை. ஒன்றில் எண்ணும், மற்றதில் வால்வும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒருவருக்கு இன்னும் சில ஆண்டுகள் வாழ வேண்டும். ஒருவருக்கு மூச்சுத்திணறாமல் இரவில் படுத்துறங்கினால் போதும். வேறொருவருக்கு மருத்துவமனை வேண்டாம், வீடே போதும். இம்மூன்றும் மதிக்கத்தக்க விடைகள். ஆனால் கேட்டால்தானே விடை கிடைக்கும்?

கிரிபியேயின் வாழ்வு நமக்கு விட்டுச்செல்லும் செய்தி இதுவே எனலாம். அவர் முதுமையை வென்றாரல்லர்; அது எவராலும் இயலாது. முதுமைக்குள் மறைந்திருந்த ஒரு நோயை முதுமையிலிருந்து பிரித்துக் காட்டி, அதற்கு வழி தேடினார். நம் இல்லத்து முதியவர் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போது, வயது என்று சொல்லி நகர்வதற்கு முன், மருத்துவர் ஒருவர் அவர் மார்பில் காதுக்குழலை வைத்து ஒரு நிமிடம் கேட்கச் செய்வோம். குறுகிய வால்வு பெரும்பாலும் ஓசை எழுப்பும். அவ்வோசையை மருத்துவர் கேட்கட்டும். அம்முதியவரின் விருப்பம் என்னவென்பதை நாம் கேட்போம்.