சொல்லால் பட்ட காயத்துக்கு மருத்துவர் யார்?

1895-ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு இரண்டு புதிய வாயில்கள் திறந்தன. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். தோலைக் கீறாமலேயே முறிந்த எலும்பைக் காண முடிந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஜோசப் பிராயர், சிக்மண்ட் ஃபிராய்டு என்னும் இரு மருத்துவர்கள் ஹிஸ்டீரியா நோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். உடலில் பழுது ஏதும் காணப்படாத நோயாளியின் துன்பத்துக்கு, மனத்தில் புதைந்து கிடக்கும் வேதனை நினைவுகளே காரணமாகலாம் என்பது அந்நூலின் சாரம்.

எக்ஸ் கதிர்களை உலகம் உடனே ஏற்றுக்கொண்டது. மனக்காயத்தை ஏற்றுக்கொள்ளவோ நெடுங்காலம் ஆயிற்று.

அடிக்காமலும் ஒருவரை வதைக்கலாம். ஓயாமல் இழித்துப் பேசுதல், பிறர் முன் அவமானப்படுத்துதல், மிரட்டுதல், உற்றார் உறவினரிடமிருந்து பிரித்து வைத்தல், நடந்ததை நடக்கவில்லை என்று சாதித்தல் ஆகியவற்றை மனக்கொடுமை என்கிறோம். இக்காயம் எந்த எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. அப்படியானால் இதற்கு மருத்துவர் யார்? அவரை எப்படி அடையாளம் காண்பது? விடை தேட வியன்னாவிலிருந்தே தொடங்குவோம்.

பேச்சே மருந்தாயிற்று

மேற்சொன்ன நூலில் 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் ஓர் இளம்பெண் வருகிறார். அவருடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். 1880-இல், நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துவந்த காலத்தில், 21 வயதான அவருக்கு வலக்கை செயலிழந்தது. தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய், ஆங்கிலத்தில் மட்டுமே பேசிய காலமும் உண்டு. பிராயர் அவரருகில் அமர்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவந்தார். பேசி முடித்ததும் அவருடைய மனம் அமைதியுற்றது. இம்முறைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. நோயாளி பெயர் வைத்த மருத்துவ முறை இது!

ஆனால் நூலில் சொன்னதுபோல் அவர் முழுக் குணம் அடைந்துவிடவில்லை. 1882-இல் பிராயரின் சிகிச்சை முடிந்த பின்னும் மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் பெண்கள் நலனுக்காகப் பாடுபட்டு, 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார் என்பது அறியத்தக்கது. ஒருவர் காது கொடுத்துக் கேட்பது பெரிய உதவி. எனினும் அது தொடக்கமே.

கேட்பவர் நம்பாவிட்டால்?

1896-இல் ஃபிராய்டு, தாம் கவனித்த 18 நோயாளிகளின் துன்பத்துக்கு இளம்வயதில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையே காரணம் என்று வியன்னாவில் உரையாற்றினார். அடுத்த ஆண்டே அக்கருத்தைத் தளர்த்திக்கொண்டார். நோயாளிகள் கூறியவற்றில் பல கற்பனையாக இருக்கலாம் என்று எண்ணத் தலைப்பட்டார். அவர் வழிவந்தோர் பலர், நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, அவர் உள்ளத்தில் ஒளிந்துள்ள ஆசை எது என்பதையே மிகுதியாக ஆராய்ந்தனர்.

இதை எதிர்த்துப் பேசினார், ஃபிராய்டின் நெருங்கிய நண்பரான ஷாண்டோர் ஃபெரென்சி. ஹங்கேரி நாட்டவர். 1932 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் உளப்பகுப்பாய்வாளர் மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை படித்தார். அதில் இரு கருத்துகளை நாம் இன்றும் மறக்கக்கூடாது.

ஒன்று: கொடுமைக்கு ஆளான குழந்தை, அச்சத்தின் மிகுதியால், கொடுமை செய்தவருடைய மனத்தோடு ஒன்றிவிடுகிறது. அவருடைய குற்றத்தையும் தன் குற்றமாக ஏற்றுக்கொள்கிறது. 'எல்லாம் என்னால்தான்' என்று பலர் வாழ்நாள் முழுதும் வருந்துவதன் வேர் இதுவே.

இரண்டு: சிகிச்சை அளிப்பவர் உள்ளே சலிப்பும் வெளியே மரியாதையுமாக நடந்துகொண்டால், நோயாளி அதை உணர்ந்துவிடுவார், ஆனால் சொல்லத் துணியமாட்டார். பழைய கொடுமையே சிகிச்சை அறையில் திரும்பவும் அரங்கேறும். தம் தவற்றைச் சிகிச்சையாளர் மனம்விட்டு ஒப்புக்கொண்டால் நம்பிக்கை பிறக்கும்.

இக்கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ஃபிராய்டு வற்புறுத்தினார். 1933 மே மாதம் ஃபெரென்சி காலமானார். கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூடிய அறைக்குள் ஓர் ஒலிப்பதிவு

சிகிச்சை அறையில் உண்மையில் நடப்பதென்ன? இதைக் கண்டறிய அமெரிக்க உளவியலார் கார்ல் ராஜர்ஸ் உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1942-இல் ஒரு சிகிச்சை முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு வெளியிட்டார். சிகிச்சையாளரின் பேச்சும் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

1957-இல் ராஜர்ஸ், மனமாற்றத்துக்குத் தேவையான நிலைமைகளை வரிசைப்படுத்தினார். அவற்றுள் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டியவை மூன்று: போலித்தனமின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, நோயாளியின் இடத்தில் நின்று உணரும் திறன். 1979-இல் எட்வர்டு போர்டின் என்பவர், இருவரும் ஒரே இலக்கில் உடன்படுதல், அதற்கான வழியில் உடன்படுதல், இருவருக்கும் இடையே பிணைப்பு ஏற்படுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சைக் கூட்டுறவு என்றார். எந்த முறைச் சிகிச்சையானாலும் இக்கூட்டுறவு நன்றாக அமைந்தால் பலனும் நன்றாக இருக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன.

1992-இல் ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், கொடுமையிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து, நடந்ததை நினைத்து அழுது தீர்த்தல், இறுதியில் மனிதர்களோடு மீண்டும் இணைதல். முதற்படி ஏறாமல் இரண்டாம் படியில் கால் வைத்தால் காயம் ஆழமாகும்.

சட்டத்தின் கண்ணும் திறந்தது

1962-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பும் உடன் பணியாற்றியோரும், அடிபட்ட குழந்தைகளின் பழைய எலும்பு முறிவுகளை எக்ஸ்ரே மூலம் எடுத்துக்காட்டினர். மறைந்திருந்த உடற்கொடுமை வெளிப்பட்டது. மனக்கொடுமைக்கு அத்தகைய சான்று கிடையாது. ஆயினும் நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், சொல்லாலும் உணர்வாலும் இழைக்கும் கொடுமையைத் தனியே வரையறுத்தது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை இழிவுபடுத்துவதும் அதில் அடங்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும், நெருங்கிய உறவில் ஒருவரை அடக்கி ஒடுக்கி ஆட்டிப்படைப்பது 2015-இல் தனிக் குற்றமாயிற்று.

நீங்கள் தேடும்போது

இனி இவ்வரலாற்றை நாம் பயன்படுத்திக்கொள்வோம். உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ உதவி தேவைப்பட்டால், முதலில் தகுதியைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலார் பேச்சு வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். படிப்பு என்ன, பதிவு உண்டா, இத்தகைய துன்பத்துக்குச் சிகிச்சை அளித்த பழக்கம் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

அடுத்து, முதல் சில சந்திப்புகளில் கவனியுங்கள். நீங்கள் சொல்வதை அவர் நம்புகிறாரா? 'நீங்கள்தான் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும்' என்று தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறாரா? நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று விசாரித்தாரா? எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டும்படி அவசரப்படுத்துகிறாரா? அவர் சொன்னது உங்களை வருத்தியது என்று சொன்னால் எரிச்சல்படுகிறாரா, ஏற்றுக்கொள்கிறாரா? ஃபெரென்சியின் உரைகல் இதுவே.

கொடுமை தொடர்ந்து நடந்துவரும் நிலையில், அதைச் செய்பவரோடு சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது பலவேளைகளில் தீங்காய் முடியும். உள்ளே சொன்னதற்கு வெளியே பழி வாங்கப்படலாம். ஆகவே தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் சொன்னவை வெளியே போகாமல் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தந்துள்ள உரிமை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரை நாடுங்கள். நன்றி மறந்ததாக ஆகாது. தன் விருப்பத்தைச் சொல்லவே அஞ்சி வாழ்ந்த ஒருவர், 'இவர் எனக்கு வேண்டாம். வேறொருவரைப் பார்க்கிறேன்' என்று சொல்ல முடிந்தால், அவர் குணமடையத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ளலாம்.