அரை மணி நேரக் கணக்கு: தோட்டமும் தாய்ப்பாலும்

கேகாலை, இரத்தினபுரி றப்பர் தோட்டங்களில் "பால்" என்றால் முதலில் மரத்துப் பால்தான். விடியற்காலையிலேயே வெட்டணும், வெயில் ஏறினா ஓட்டம் குறைஞ்சிடும். உறையுறதுக்கு முந்தி எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய், அளந்து, பேருக்கு நேரே எழுதணும். அந்தப் பாலுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகக் கணக்கு இருக்கிறது. அதே நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையை விட்டுட்டு வந்து மரம் வெட்டுற பொம்பளையின் பாலுக்கு என்ன கணக்கு இருந்தது? அதைத் தேடித்தான் நாங்கள் பழைய சட்டங்களை வாசிக்கத் தொடங்கினோம்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் துரைமாருக்குச் சில கடமைகளைப் போட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சரியான கவனிப்பும் ஊட்டமும் கிடைக்கிறதா என்று பார்க்கணும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கணும், அந்த மாதம் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனா ஒன்றைக் கவனியுங்க. அடுத்த தலைமுறைத் தொழிலாளி உயிரோடு இருக்கணும், பெற்றவள் சீக்கிரம் பிரட்டுக்குத் திரும்பணும், இந்த இரண்டும்தான் அதற்குள்ளே இருக்கு. பால் கொடுக்கிறதால அவளுடைய உடம்புக்கு என்ன ஆகுது என்று கேட்க ஆளில்லை.

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு மகப்பேறு பற்றிய சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது. வேலை நேரத்துக்குள் நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் தாய் பால் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது கைத்தொழிலுக்கும் வர்த்தகத்துக்கும் மட்டும்தான். விவசாய வேலைக்கு 1921இல் வெறும் பரிந்துரை ஒன்று வந்தது. தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட சமவாயம் வர 1952 ஆனது. அதை இலங்கை ஏற்றுக்கொண்டது 1993இல்.

இடையில் 1939இல் நம்ம நாட்டிலேயே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது, தோட்டங்களும் அதற்குள் அடங்கின. அதே வருஷம் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாக விற்பது கொலைக்குச் சமம் என்று ரோட்டரிக் கழகத்திலேயே பேசினார். துணிச்சலான பேச்சு. அவர் பேசியது செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்காக. அது நியாயம்தான். ஆனாலும் தாய்ப்பால் என்றாலே பேச்சு குழந்தையில் ஆரம்பித்துக் குழந்தையில் முடிகிற பழக்கம் இன்றைக்கும் மாறவில்லை. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பாருங்க, தெரியும்.

தாயின் உடம்பைப் பற்றிய கதை வேறொரு வழியில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் ரமாஸினி என்ற வைத்தியர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி எழுதும்போது கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவதைக் கவனித்தார். 1926இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், இந்த நோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விசாரித்தார். எத்தனை பிள்ளை, எந்த வயதில் கல்யாணம், பால் கொடுத்தீங்களா என்றெல்லாம் கேட்டார். நோயாளிகளையும் மற்றவர்களையும் இப்படி ஒப்பிடும் முறைக்கே அது முன்னோடி. அடுத்த வருஷம், 1927இல், இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன் கீழ் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த கூலி. ஒரே காலம், ஒரே சாம்ராஜ்யம்.

2002இல்தான் தெளிவான எண் கிடைத்தது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களின் தகவலை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு பெண் வாழ்நாளில் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 வீதம் குறைகிறது. ஒவ்வொரு பேறுக்கும் கிடைக்கிற 7 வீதம் இதற்குப் புறம்பானது. 2010இல் இலங்கைப் பெண்களிடம் நடத்திய ஒரு சின்ன ஆய்வும், அதிக காலம் பால் கொடுத்தவர்களுக்கு அபாயம் குறைவு என்றே காட்டியது. இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோயும் இதுதான்.

நீரிழிவிலும் இதே கதை. அமெரிக்கத் தாதியரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. பால் கொடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 15 வீதம் குறைவு என்றது. இரத்தச்சோகை இன்னும் கிட்டத்து விஷயம். முழுக்கத் தாய்ப்பாலே கொடுக்கும்போது மாதவிலக்கு திரும்பி வரத் தாமதமாகும், அந்த மாதங்களில் இரத்தமும் இரும்புச்சத்தும் மிச்சமாகும். "பால் கொடுத்தே எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்று எங்க அம்மாயிமார் சொல்லுவாங்க. கொடுக்கிற காலத்தில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைவது உண்மைதான், நிறுத்தின பிறகு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அவங்களைத் தேய்த்தது பாலா, அடுத்தடுத்த பேறா, அரைவயிற்றுச் சாப்பாடா, மலையா? எங்களுக்குப் பால் மீது பழிபோட மனசில்லை.

இதனால் பால் கொடுத்தவளுக்குப் புற்றுநோயே வராது என்று யாரும் சொல்லக் கூடாது. கொடுக்க முடியாமல் போனவளைக் குற்றம் சொல்லவும் கூடாது. 4.3 வீதம் சின்ன எண். ஆனால் அது மாதக்கணக்கில் சேருகிற எண். எத்தனை மாதம் கொடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. தோட்டத்தில் அந்த மாதங்களைத் தீர்மானிப்பது யார்?

சட்டத்தில் இப்போது 84 நாள் லீவு. 2018 திருத்தத்துக்கு முந்தி மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். பிரசவத்துக்கு முந்தி இரண்டு வாரம் போக, பிள்ளைக்குப் பத்து வாரம் ஆகும்போது அம்மா மலைக்குத் திரும்பணும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்க என்கிறது உலக சுகாதார தாபனம். நடுவில் விழுகிற அந்தப் பதினாறு வாரத்தைத் தாங்க வேண்டியது சட்டம் தருகிற பால் கொடுக்கும் இடைவேளைகள்தான். பிள்ளைக்கு ஒரு வயது வரை, நாளுக்கு இரண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. வேலை நேரமாகவே அதைக் கணக்கெடுக்கணும் என்றும் சட்டம் சொல்கிறது.

காகிதத்தில் சரி. ஆனா தேயிலை மலையின் உச்சியிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போதாத இடங்கள் இருக்கு. அந்த நேரத்தில் எடுக்காத கொழுந்தை யாரும் அவளுக்காக எடுத்து வைப்பதில்லை. நிறை குறைஞ்சா அரைப்பேர். பால் வெட்டுற வேலை இன்னும் மோசம், மரம் காத்திருக்காது. மார்பில் கட்டி நிற்கிற பாலை நேரத்துக்கு எடுக்காவிட்டால் வலி, காய்ச்சல். நாளடைவில் சுரப்பே குறைகிறது. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது, எடுக்க எடுக்கத்தான் ஊறும். "அவளுக்குப் பால் வத்திப் போச்சு" என்று லயத்தில் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கோம். வற்றியதா, வற்ற வைத்ததா?

2020இல் தாய்ப்பாலை ஆதரிக்கும் கொள்கைகளுக்காக 97 நாடுகளில் இலங்கை முதலிடம் பிடித்தது. அந்தப் பெருமையை நாங்கள் மறுக்கவில்லை, 1981லேயே பால்மா விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த நாடு இது. ஆனால் இப்போது சப்ரகமுவ தோட்டங்கள் பலவற்றில் வெளியார் உற்பத்தி முறை வருகிறது. மரத்தையோ தேயிலைத் துண்டையோ குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொண்டுவருகிற கிலோவுக்குக் காசு. பிரட்டு இல்லை, பேரும் இல்லை. மகப்பேற்றுச் சட்டமோ வேலைக்கு அமர்த்தப்பட்ட பெண்ணுக்கும் அவளை அமர்த்தியவருக்கும் இடையிலானது. கிலோக்கணக்கில் விற்கிறவள் அந்த அரை மணியை யாரிடம் போய்க் கேட்பாள்?