கடனாளியின் பெயரில் ஓர் ஊர்

எங்கள் ஊருக்கு ஒரு கடனாளியின் பெயர். ஆற்காடு நவாப் முகமது அலிகானுக்கு 1765-இல் டெல்லி பாதுஷா கொடுத்த பட்டம் 'வாலாஜா'. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத்துக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது. ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜாபேட்டையும் அவர் பெயர்தான், பஸ் ஏறும்போது குழம்புகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஊரில் கேட்டால் "நவாபு பேருப்பா" என்பார்கள். அந்த நவாபின் கடன் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய் நாறியது என்பது பேச்சில் வராது.

நான் அந்தக் கடனைத் தேடிப் போனதற்குக் காரணம் என் சித்தப்பா மகன். தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. பேங்க் எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷத்தில் செல்போன் ஆப் ஒன்றில் வாங்கிய கடனுக்கு நாலைந்து தவணை தவறிவிட்டது. ஒருநாள் கேட்டான்: "அண்ணா, வேலைக்குச் சேரும்போது கடன் கிடன் இருக்குதான்னு கேப்பாங்களாம். சொல்லிடலாமா, இல்ல கமுக்கமா இருந்துடலாமா?" பதில் சொல்வதற்காக விதிகளைப் புரட்டினேன். எல்லா விதிக்கும் அடியில் ஒரு பழைய பயம் இருக்கும். இந்த விதியின் பயம் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் நடந்துபோனால், பாதை சேப்பாக்கம் அரண்மனை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முகமது அலி கம்பெனிப் படையின் தயவில் ஆட்சிக்கு வந்தவர். படை இலவசமாக வராது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்கான பில்லைக் கம்பெனி நவாப் தலையில் எழுதியது. 1763-இல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களை அவர் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். எங்கள் ஊர் இருக்கும் மண்ணும் அதில் சேர்த்தி. அதே மண்ணை 1780 வரை அவரே குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தார். அப்படியும் பணம் போதவில்லை. கம்பெனியோ விடாமல் கேட்கிறது. அவர் என்ன செய்தார் என்றால், கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை முதலாளியின் குமாஸ்தாவிடமே கைமாற்று வாங்கி அடைப்பது.

வட்டி இருபது, இருபத்தைந்து சதவீதம் என்று போனது. ரொக்கத்துக்குப் பதிலாக நவாப் கொடுத்தது சீட்டு: இன்ன சீமையின் வரும் வருஷ வரி இன்னாருக்கு. 1768-இல் அவர் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியேறிய பிறகு கடன் கொடுப்பவர்களுக்கு நடை மிச்சம். ஊழியர்களின் சம்பளமோ சொற்பம். சொந்த வியாபாரத்தில் சம்பாதித்ததும், அடுத்தவர் நம்பி ஒப்படைத்ததும்தான் கடனாக வெளியே போனது. சில பத்திரங்களுக்குப் பின்னால் பணமே கைமாறவில்லை, சகாயம் வேண்டி நவாப் சும்மா எழுதிக்கொடுத்தவை அவை என்ற குற்றச்சாட்டும் பிற்பாடு எழுந்தது.

1767-இல் இந்தக் கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி பத்து சதவீத வட்டியில் ஒரே கணக்காக்கினார்கள். லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு விஷயம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கோபமாகக் கேட்டார்கள். யாரோ ஒரு ஊழியர் யாருக்கோ கடன் கொடுத்தால் முதலாளிக்கு என்ன வந்தது? தஞ்சாவூரைப் பார்த்தால் புரியும்.

1773-இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாப் கையில் கொடுத்தது. காவிரிப் படுகையின் விளைச்சல் அவர் கைக்கு வந்ததும் அதன் மேலும் சீட்டுகள் எழுதப்பட்டன. லண்டன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ராஜாவிடம் நாட்டைத் திருப்பிக்கொடு என்று உத்தரவிட்டு ஜார்ஜ் பிகாட்டை இரண்டாம் முறையாக கவர்னராக அனுப்பியது. பிகாட் ஒன்றும் புனிதர் இல்லை. முதல் முறை இருந்தபோது பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு போனவர். ஆனால் உத்தரவை நிறைவேற்றினார். 1776 ஏப்ரலில் தஞ்சாவூர் துல்ஜாஜியிடம் திரும்பியது.

உடனே ஒருவர் எழுந்து, அந்த விளைச்சல் எனக்குப் பாத்தியம் என்றார். பெயர் பால் பென்ஃபீல்டு. 1764-இல் வந்த கம்பெனியின் இளநிலை ஊழியர். வருஷச் சம்பளம் சில நூறு பவுண்டு. மெட்ராஸிலேயே சிறந்த குதிரைகளும் வண்டிகளும் அவரிடம்தான். அவர் கேட்ட தொகை: நவாப் எழுதிக்கொடுத்த சீட்டுகளின் பேரில் 1,62,000 பவுண்டு, தஞ்சாவூர்த் தனியாட்கள் தர வேண்டியதாக 72,000 பவுண்டு. சில நூறு பவுண்டு சம்பளக்காரருக்கு இத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. கவுன்சில் முதலில் ஏற்கவில்லை. சில நாளில் பெரும்பான்மை மாறிவிட்டது. கவுன்சிலில் இருந்தவர்களுக்கும் நவாபின் கடன் திரும்பி வருவதில் அக்கறை இருந்தது.

பிகாட் விடாப்பிடியாக நின்றார். 1776 ஆகஸ்ட் 24 அன்று, கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோடு ஒரே வண்டியில் தோட்ட வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கவர்னரை வழியில் மடக்கிக் கைது செய்தார்கள். திட்டம் போட்டவரே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட்தான். 1777 மே மாதம் காவலிலேயே பிகாட் செத்துப்போனார். கவிழ்த்த கவுன்சிலர்களில் நாலு பேருக்கு லண்டனில் கிடைத்த தண்டனை தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம்.

முதலாளியின் பயம் பிறக்கும் இடம் இதுதான். ஊழியரின் சொந்தப் பணம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறதோ, அவர் வாக்கும் அந்தப் பக்கம் சாய்கிறது. சம்பளம் கொடுப்பவர் ஒருத்தர், எஜமானர் இன்னொருத்தர்.

இதற்குப் பிறகாவது கடுமையான விசாரணை நடந்திருக்க வேண்டும். 1777-இல் இன்னும் பெரிய கடன் கணக்கு ஒன்று பன்னிரண்டு சதவீத வட்டியில் முளைத்திருந்தது. கடன்களின் மூலத்தையும் நியாயத்தையும் விசாரிக்கும்படி 1784-ஆம் வருஷத்து பிட் சட்டம் இயக்குநர்களுக்குச் சொன்னது. அவர்களும் தயாரானார்கள். ஆனால் ஹென்றி டண்டாஸ் இருந்த கட்டுப்பாட்டு வாரியம் குறுக்கே விழுந்து, விசாரணை வேண்டாம், வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வராகன் ஒதுக்கி அடையுங்கள் என்றது. பென்ஃபீல்டு அதற்குள் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆகியிருந்தார்.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் இதைப் பற்றிப் பேசிய பேச்சு புகழ்பெற்றது. அதில் எனக்குப் பிடித்த இடம் வசவு அல்ல, ஏரிகள். பார்னார்டு என்பவர் தயாரித்த ஜாகீர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, இந்தச் சின்னப் பகுதியில் மட்டும் ஆயிரத்து நூறு ஏரிகள் என்று சபைக்குச் சொன்னார். அவை எங்கள் பக்கத்து ஏரிகள். 1780-இல் ஹைதர் அலி படை வந்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியின் சேனையை அழித்த பிறகு பாழாகிக் கிடந்த சீமை இது. வருகிற வரியெல்லாம் வட்டிக்குப் போனால் கரையை யார் பலப்படுத்துவது, மதகை யார் பார்ப்பது என்பதுதான் பர்க்கின் கேள்வி. சபை அவர் பக்கம் நிற்கவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத உழவர்கள்தான் அதை அடைத்தார்கள்.

நவாப் 1795-இல் இறந்தார். 1797-இல், இயக்குநர்கள் அல்லது கவர்னரின் அனுமதி இல்லாமல் எந்த பிரிட்டிஷ் பிரஜையும் இந்திய மன்னர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சொல்லிவிட்டுச் செய் என்ற கட்டளை, எல்லாம் முடிந்த பிறகு. 1801-இல் கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மிச்சக் கடன்களை ஆராய 1805-இல் அமைத்த குழுவின் முன் வந்த கோரிக்கைகள் மூன்று கோடி பவுண்டுக்கும் மேல். பல வருஷம் பார்த்து ஏற்றுக்கொண்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விசாரித்தால் இப்படித்தான் சுருங்கும். முதல் சுற்றில் விசாரிக்காமலே முழுசாகக் கொடுத்தார்கள்.

இப்போது விதிகளுக்கு வருவோம். அரசுடைமை வங்கி அதிகாரிகளுக்கு 1976-இல் வந்த நடத்தை விதிகளைப் படித்தால் பென்ஃபீல்டின் நிழல் தெரியும். வங்கியின் வாடிக்கையாளருக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுக்கக் கூடாது. வட்டிக்காரரிடமும், கீழே வேலை செய்பவரிடமும், வங்கியோடு வரவு செலவு வைத்திருப்பவரிடமும் கடன் வாங்கக் கூடாது. குதிரைப் பந்தய மைதானத்தில் கடன்படக் கூடாது என்றுகூட உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 விதிகள், ஓயாத கடனாளியாக ஆகாதபடி சொந்தக் காரியங்களை நடத்திக்கொள்ளச் சொல்கின்றன. கடனுக்காக வழக்கு வந்தால் முழு விவரத்தையும் உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இன்னும் கறார்: திவாலானவர் என்று எப்போதாவது தீர்ப்பானவரை வங்கி வேலையில் வைத்திருக்கவே கூடாது.

இவற்றில் பெரும்பாலானவை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாரிடம் நீ கட்டுப்பட்டிருக்கிறாய்? நியாயமான கேள்வி. ஆனால் அண்மை வருஷங்களில் கேள்வி மாறிவிட்டது. அரசு வங்கிகளின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் சிபில் பதிவு நிபந்தனையாக வந்திருக்கிறது. பழைய கடன் பதிவைக் காரணம் காட்டி ஸ்டேட் பாங்க் ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது அதன் வாதம். வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சிபில் எண்ணுக்கு பென்ஃபீல்டையும் என் தம்பியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பென்ஃபீல்டு கொடுத்தவர், அவர் பெயரில் ஒரு தவணைகூடத் தவறியிருக்காது. அவருக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது இது. பாக்கியை அடை. அடைத்ததற்குக் கடன் கொடுத்தவனிடம் கடிதம் வாங்கு. பதிவில் அது ஏறியதா என்று நீயே பார். படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுது, தவறிய தவணையை விட மறைத்த தவணைக்குத்தான் விலை அதிகம். வேலையில் சேர்ந்த பிறகு நோட்டீஸ் எதுவும் வந்தால் மேலதிகாரிக்குத் தெரியும் முன் நீ சொல்லிவிடு. "சொன்னா தூக்கிட்டாங்கன்னா?" என்றான். அதற்கு என்னிடம் விதி எண் எதுவும் இல்லை.

சொல்லும்படி கேட்கிற முதலாளிக்கும் ஒரு கடமை உண்டு. சொன்னவனை அடிப்பதும் மறைத்தவனுக்கு அள்ளிக் கொடுப்பதும் வழக்கமானால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கோட்டையில் நடந்தது அதுதான். கணக்கைக் கேட்ட பிகாட் காவலில் செத்தார், கணக்கு காட்டாதவர்களுக்கு எங்கள் ஏரிப் பாசனத்து வரியிலிருந்து வட்டியோடு கிடைத்தது. பென்ஃபீல்டு மட்டும் கடைசியில் எல்லாவற்றையும் தொலைத்து 1810-இல் பாரிஸில் ஏழையாகச் செத்தார். அதனால் ஜாகீரில் ஒரு மதகும் சரியாகிவிடவில்லை.