கோழியும் நாயும் அணுகா முற்றம்: பெரும்பாணாற்றுப்படையில் ஊனுண்ணும் விருந்தும் ஊனில்லா அடுக்களையும்

பெரும்பாணாற்றுப்படையில் மறை காப்போர் உறைபதியைச் சொல்லும் அடிகளை (297–310) ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டு நோக்கங்களுக்காகவே எடுத்தாண்டு வருகின்றனர். சங்ககாலப் பார்ப்பனர் புலால் உண்ணவில்லை என்று நிறுவ விரும்புவோர் அங்குப் பரிமாறப்படும் உணவைக் காட்டுவர். தீட்டும் ஒதுக்கமும் அக்காலத்திலேயே வேர்விட்டுவிட்டன என்று நிறுவ விரும்புவோர், வீட்டுக்கோழியும் நாயும் அவ்விடத்தை அணுகா என்ற குறிப்பைக் காட்டுவர். முடிவில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு சாராரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர்: இருவருமே வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் பேசுகின்றனர். அந்த வீட்டில் சாப்பிடப்போகிறவன் ஊன் தின்று பழகிய பாணன். அவனுக்கு வழிகாட்டுகிறவனும் இன்னொரு பாணன். புலால் விலக்கிய அடுக்களையைப் பற்றிப் புலால் உண்பவன் தன் இனத்தானுக்குச் சொல்லும் செய்தி இது. வைதிகர் ஒருவர் தம் ஒழுக்கத்தைத் தாமே எடுத்துரைக்கும் பகுதியாக இதைப் படித்ததில்தான் குழப்பம் தொடங்கியது என்று கருதுகிறேன்.

அணுகக்கூடாத விலங்குகளிலிருந்தே தொடங்கலாம். ஏன் குறிப்பாகக் கோழியும் நாயும்? தூய்மை கருதிப் பொதுவாகச் சொல்லப்பட்டவை என்று உரைகாரரும் பிற்கால ஆய்வாளரும் கடந்துபோய்விட்டனர். ஆனால் அதே பாட்டில் பாணன் முன்பு தங்கிய இடங்களைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எயினர் அரணில் மேட்டுநிலத்து நெல்லின் சிவந்த சோற்றோடு அவனுக்குக் கிடைப்பது உடும்புப் பொரியல். அந்த உடும்பைப் பிடித்துக் கொடுத்தது நாய். மருதநிலத்துப் பேரூரில் வெண்ணெல் சோற்றோடு கிடைப்பது வீட்டில் வாழும் பெடைக்கோழியின் பொரியல். ஆக, மறையோர் முற்றத்தில் கால் வைக்காத இரண்டு உயிர்களும் இதற்கு முன் இதே விருந்தாளியின் இலைக்கு இறைச்சி தந்தவை. ஒன்று வேட்டையாடித் தந்தது, மற்றது தானே கறியானது. கோழியைக் குறிக்கும்போது அது வீட்டில் வாழ்வது என்ற அடைமொழியைப் புலவர் இரண்டு இடத்திலும் விடாமல் சேர்க்கிறார். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். உறுதியாக மறுக்க என்னிடமும் சான்றில்லை. ஆயினும் 500 அடிப் பாட்டை இவ்வளவு திட்டமிட்டு அடுக்கிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், முன்பு பயன்பட்ட அதே இரண்டு உயிர்களை நினைவின்றி இங்கே கொண்டுவந்திருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இப்படிக் கொண்டால் அந்தக் குறிப்பு பாணனுக்குத் தரப்படும் முன்னறிவிப்பாகிறது. இந்த வீட்டில் கோழிக்கறி கிடைக்காது, நாய் கவ்விவந்த வேட்டையும் கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுகிறான் வழிகாட்டி. விலக்கு முற்றத்துக்கும் அடுக்களைக்கும் உரியது. வந்தவன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அது விசாரிப்பதாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. இதற்குச் சற்று முன்புதான் வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும் உண்டு வருகிறான். அடுத்து அவன் போகுமிடம் நீர்ப்பெயற்றுப் பட்டினம். அங்கே, பெண்பன்றியோடு சேரவிடாமல் பல நாள் குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டி வளர்த்த ஆண்பன்றியின் கொழுப்பேறிய தசை காத்திருக்கிறது (339–345). மீனுக்கும் பன்றிக்கும் நடுவே மறையோர் வீட்டு மாதுளங்காய். இந்த வரிசையில் எங்கேயும் குளியலோ நோன்போ வாய்கொப்பளிப்போ சொல்லப்படவில்லை. உடையைப் பற்றிய பேச்சு கடைசியில் பாட்டுடைத் தலைவன் இளந்திரையன் அரண்மனையில்தான் வருகிறது. பாசி படிந்ததுபோன்ற கந்தலைக் களைந்து மெல்லிய ஆடை உடுத்த வைப்பவன் அரசன். அதே கந்தலோடுதான் பாணன் மறையோரிடம் போயிருக்க வேண்டும்.

இனி உணவு. அருந்ததிக்கு ஒப்பான கற்புடையவளாகச் சொல்லப்படும் இல்லத்தரசி பக்குவம் அறிந்து ஆக்கிய சோறு. செம்பசுவின் மோரில் கடைந்தெடுத்த வெண்ணெயில் வெதுப்பிய மாதுளம்பிஞ்சுத் துண்டுகள், மேலே மிளகுப்பொடி, கருவேப்பிலை. கூடவே மாவடு ஊறுகாய். வலைஞர் குடியில் கள் சமைக்கும் முறையைத் தவிர்த்தால், வழியில் கிடைக்கும் உணவுகளில் இவ்வளவு நுணுக்கமாகப் பக்குவம் சொல்லப்படுவது வேறில்லை. சொல்கிறவன் ஊனுண்ணி என்பதை இங்கே மறக்கக்கூடாது. கிடைக்காததைப் பற்றி அவன் குறைப்படவில்லை. கிடைத்ததை நாவில் வைத்துச் சொல்கிறான். மாவடுவை மறக்காமல் சொன்ன அந்த நாக்கின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சோறு ஒரு பறவையின் பெயரால் குறிக்கப்படுவதைக் கொண்டு இங்கே பறவை இறைச்சி பரிமாறப்பட்டது என்று வாதிட இடமுண்டா? உரைகாரர் நச்சினார்க்கினியர் அதை இராசான்னம் என்ற நெல்வகை என்றார். அதை மறுக்கும் காரணம் எதுவும் பாட்டில் இல்லை. பறவை பெயரில் மட்டுமே இருக்கிறது, மேலே செல்லலாம்.

இங்கே ஊனில்லாச் சோறு இட்டது விருந்தினனைத் தாழ்த்தியதாகும் என்ற வாதம் இன்னும் எளிதில் உடைகிறது. ஆயர் குடியிருப்பில் பாணனுக்குத் தினைச்சோறும் பாலும். புன்செய் நிலத்துச் சீறூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். தோப்புக்குடிகளிடம் பலாவும் இளநீரும் வாழைப்பழமும். இவற்றில் ஊன் இல்லாததை எவரும் அவமதிப்பாக எண்ணியதில்லை. பாலும் அவரையும் அந்தந்த நிலத்தின் இயல்பு என்று விட்டுவிடுகிறோம். அதே அளவுகோல் மறையோர் வீட்டுக்கு மட்டும் ஏன் மாற வேண்டும்? பாட்டு மாற்றவில்லை. எயினருக்கும் ஆயருக்கும் உழவருக்கும் எந்த வினைமுற்றால் முடிக்கிறதோ, அதே வினைமுற்றால்தான் இங்கும் முடிக்கிறது. வீட்டில் உள்ளது விருந்துக்கும் உண்டு என்பதே இவ்வாற்றுப்படையின் நெறி. விருந்தினனுக்காக எந்தக் குடியும் தன் அடுக்களையை மாற்றிக்கொள்வதில்லை. விருந்தினனும் தன் வழக்கத்தைக் குடிக்குக் குடி விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

விருந்தாளியின் நாக்குக்குத் தக்கபடி உணவை மாற்றுவது அரண்மனைக்கு இயலும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அருகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் தொடை இறைச்சியைத் தின்னத் தின்ன வற்புறுத்துகிறான். சூட்டிறைச்சி வேண்டாம் என்று பொருநன் வெறுத்ததும் வேறு பண்டங்கள் வருகின்றன. இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிப்போகிறது. அப்படிப்பட்ட தெரிவை வழிநெடுகிலும் உள்ள எந்தக் குடிசையும் தருவதில்லை. அதை எந்தப் பாணனும் எதிர்பார்ப்பதுமில்லை. வீட்டு விருந்துக்கும் அரச விருந்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனியாமல் உபசாரம் பற்றிச் சங்கப்பாட்டிலிருந்து பொதுமுடிவுகள் எடுப்பது பயனற்றது.

ஆற்றுப்படை மரபுப்பாட்டு, அதில் வாழ்க்கையைத் தேடக்கூடாது என்பார்கள். மரபு மறையோர் இல்லத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சிறுபாணாற்றுப்படையே காட்டிவிடுகிறது. நல்லியக்கோடனின் ஆமூர் அந்தணர் நிறைந்த ஊர். அந்த ஊரிலும் அப்பாட்டைப் பாடிய நத்தத்தனாரின் பாணன் உண்பது உழவர் வீட்டில். வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் கொடுத்து, போகவிடாமல் பிள்ளைகளைக் கொண்டு தடுக்கிறாள் உழவர் தங்கை (188–195). அந்தணரை ஊர் வருணனையில் நிறுத்திவிட்டு விருந்தை வேறு வீட்டில் வைக்க ஒரு புலவரால் முடிந்தது. உருத்திரங்கண்ணனார் அப்படிச் செய்யவில்லை. ஊனுண்ணியை ஊனில்லா வீட்டின் வழியே நடத்திச்செல்வது அவருடைய தேர்வு.

ஒதுக்கத்தை வலியுறுத்துவோரின் கேள்வி ஒன்றே ஒன்று கனமானது: பாணன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான்? பாட்டு சொல்லவில்லை. கன்று கட்டிய, கால்கள் குட்டையான பந்தலும் மெழுகிய வீடும் சொல்லப்படுகின்றன. இலை எங்கே போடப்பட்டது என்பது இல்லை. உறைபதி என்பதை வீடு என்று கொள்ளாமல் ஊர் என்று கொண்டால் மௌனம் இன்னும் விரிகிறது. பந்தலிலேயே இட்டிருக்கலாம், அப்படியானால் என் வாதம் சற்றுத் தளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எயினர் அரணிலும் வலைஞர் குடியிலும் அவன் எங்கே உட்கார்ந்தான் என்பதும் சொல்லப்படவில்லை. அங்கெல்லாம் சும்மா இருக்கும் மௌனத்தை இங்கு மட்டும் ஒதுக்கமாகப் பொருள்கொள்வது நியாயமாகாது. மேலும், வழிகாட்டி இங்கே பேசுவது உண்டு போவதைப் பற்றி மட்டுமன்று, தங்குவதைப் பற்றியும்; ஒதுக்கப்படுபவனுக்கு அது பொருந்தாது.

புலால் மறுப்பை வருணம் முழுமைக்கும் உரிய அடையாளமாகக் காண்போர்க்குக் கபிலர் போதும். புறநானூற்றின் 201ஆம் பாட்டில் தம்மை அந்தணன் என்று சொல்லிக்கொள்ளும் அவர், 14ஆம் பாட்டில் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் தம்மவர் கை மென்மையானதற்குக் காரணம் சொல்கிறார்: ஊனும் சோறும் உண்ணும் உழைப்பைத் தவிர வேறு உழைப்பை அந்தக் கை அறியாது. அந்தணன் விருந்தாளியாக ஊன் உண்கிறான். பாணன் விருந்தாளியாக ஊனின்றி உண்கிறான். இருவரையும் ஆண்டது போன வீட்டின் அடுக்களை.

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் குறளின் விருந்தோம்பல் இல்லறவியலிலும் புலான்மறுத்தல் துறவறவியலிலும் நிற்கின்றன. விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளிலும் இலையில் என்ன இருக்கவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இதை இங்கே சான்றாக நிறுத்தவில்லை. காலமும் நோக்கமும் வேறு. ஆனால் இரண்டையும் ஒரே கடமையாகப் பிணைத்துப் பார்ப்பது பிற்காலப் பழக்கம் என்ற ஐயத்தை அது வலுப்படுத்துகிறது.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டது முதல் இந்தப் பதினான்கு அடிகள் பாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுத் தனியே மேற்கோளாகப் புழங்க வழி ஏற்பட்டது. இனி இவற்றை எடுத்துக்காட்டுவோர் முன்னுள்ள வலைஞர் மீனையும் பின்னுள்ள பட்டினத்துப் பன்றியையும் சேர்த்தே எடுத்துக்காட்ட வேண்டும்.