கொலோன் நகரப் பள்ளியாசிரியர் ஓம்

மின்தடையின் அலகு ஓம் என்பதை நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே பயின்றுவிடுகின்றனர். அப்பெயருக்குரிய கெயோர்க் சைமன் ஓம், தம் புகழ்பெற்ற விதியைக் கண்டறிந்தபோது ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியராகவே இருந்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓம். தந்தையார் பூட்டுக்கொல்லர். முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர், தாமே கணிதமும் அறிவியலும் கற்றுத் தம் மைந்தர் இருவருக்கும் கற்பித்தார். இளையவராகிய மார்ட்டினும் பின்னாளில் கணித அறிஞராக விளங்கினார். மூத்தவரோ பல்கலைக்கழகம் சேர்ந்ததும் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுது கழிக்க, தந்தையார் சினந்து மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்திவிட்டார். அதன்பின் ஸ்விட்சர்லாந்துப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டும் பெருநூல்களைத் தாமே பயின்றுகொண்டும் காலம் கழித்து, 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் வந்ததேயன்றிப் பதவி வரவில்லை. பம்பெர்க்கில் குறைந்த ஊதியத்தில் பள்ளிப்பணி. அப்பள்ளியும் 1816-இல் மூடப்பட்டது.

வடிவியலை மனப்பாடமாக அன்றிச் சிந்தனைப் பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தி அவர் எழுதிய நூல் 1817-இல் வெளிவந்தது. அதுவே அவருக்குக் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணியைப் பெற்றுத் தந்தது. அங்கு நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றும் இருந்தது. பாட நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அதனுள்ளேயே கழிந்தது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820-இல் ஓர்ஸ்டெட் வெளிப்படுத்தினார். ஊசியின் திருப்பத்தைக் கொண்டே மின்னோட்டத்தை அளக்கலாம் என்று ஓம் கருதினார். ஆயின் 1825-இல் வெளியிட்ட முதற்கட்டுரையின் விதி பிழையாக முடிந்தது. அக்கால மின்கலங்களின் ஆற்றல் நிமிடத்துக்கு நிமிடம் மாறியதே காரணம். இதழாசிரியர் போக்கென்டார்ஃப், மின்கலத்தை விடுத்து வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை. ஆதலின் மின்னழுத்தமும் மாறாமல் நின்றது.

ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை, 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை வெவ்வேறு நீளங்களில், அவர் மாற்றி மாற்றி இணைத்தார். ஓர் அளவீட்டு வரிசையில் 2 அங்குலக் கம்பிக்கு 326¾ என்றும் 130 அங்குலக் கம்பிக்கு 48½ என்றும் அளவு காட்டியது. நீளம் 65 மடங்கு பெருகியும் ஓட்டம் ஏழில் ஒரு பங்களவுக்கே குறைந்தது. இங்குதான் அவருடைய நுண்ணறிவு வெளிப்படுகிறது. கம்பி மட்டுமன்றிச் சுற்றின் ஏனைய பகுதிகளும் தடுக்கின்றன. அத்தடை 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் எனக் கணக்கிட்டார். நீளத்தோடு அதனைக் கூட்டி, வரும் தொகையை ஊசி காட்டிய அளவால் பெருக்கினால், முன்னதற்கு ஏறத்தாழ 7270, பின்னதற்கு ஏறத்தாழ 7287. வீட்டிலுள்ள மாணவர் எவரும் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். கேவண்டிஷ் இவ்வுறவை அதற்கு முன்னரே உணர்ந்திருந்தார். ஆயினும் அதை வெளியிடாமலே மறைந்தார்.

அரை ஊதிய விடுப்பில் பெர்லின் சென்று எழுதி முடித்த நூல் 1827-இல் வெளிவந்தது. அதைக் கொண்டு பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்பது அவர் நம்பிக்கை. நூலோ கணிதம் மிகுந்தது. அந்நாளைய ஜெர்மானிய இயற்பியலாருள் பலருக்கு அம்முறை பழக்கமில்லை. சிலர் கடுமையாகத் தாக்கினர், பலர் பொருட்படுத்தவேயில்லை. பணியிலிருந்து நீக்கப்பட்டார் எனச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் 1828-இல் மனம் நொந்து தாமே பதவி விலகினார். நாற்பதை நெருங்கும் அகவையில், நிலையான பணியின்றிப் பெர்லின் படைப்பள்ளியில் வாரத்துக்குச் சில மணிநேரம் கணிதம் சொல்லிக்கொடுத்து வாழ நேர்ந்தது. 1833-இல் நியூரம்பெர்க் தொழிற்பள்ளி அவரை ஏற்றது.

பெருமை வெளிநாட்டிலிருந்தே வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் கோப்லி பதக்கம் வழங்கியது. இளமையில் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மூனிச்சில் 1852-இல், அறுபத்து மூன்றாம் அகவையில் கிடைத்தது. அம்மாணவர்களுக்கென அவர் எழுதிய இயற்பியல் பாடநூல் 1854-இல் அச்சேறியது. அவ்வாண்டு ஜூலை 6-இல் அவர் மறைந்தார்.