கைப்பெட்டி வானொலியின் கதை

பழம்பொருள் சேர்ப்போர் பல வகையினர். நாணயம் சேர்ப்பார் உண்டு. அஞ்சல்தலை சேர்ப்பார் உண்டு. பழைய பித்தளைப் பாத்திரங்களைத் தேடித் திரிவாரும் உண்டு. இவர்களுக்கிடையே, பேச்சு மூச்சற்றுப்போன பழைய வானொலிப் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போரும் நம் பெங்களூரில் உளர். ஞாயிறுதோறும் சிக்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் விரியும் பழம்பொருள் சந்தையில் இவர்களைக் காணலாம். அவர்களுள் அடியேனும் ஒருவன். ஆயினும் நான் தேடுவது கூடத்து மேசைமேல் அரசுபோல் வீற்றிருந்த பெரிய பெட்டியை அன்று. கைப்பிடியுடன், மின்கலத்தால் இயங்கி, தூக்கிச் செல்லத்தக்கதாய் விளங்கிய வால்வு வானொலியையே. அதன் வாழ்நாள் குறுகியது. எனினும் பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு அதன் வரலாறு அயலானதன்று.

வானொலி வந்த வரலாறு

நம் நாட்டில் வானொலிக்கு வழிகோலியவர்களுள் தமிழகத்தார் முன்நின்றனர். 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அன்பர்கள் சிலரும் சேர்ந்து சென்னை மாகாண வானொலிக் கழகத்தைக் கண்டனர். அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 சூன் திங்களில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே திங்களில் திருச்சி நிலையமும் பிறந்தன.

மைசூர் நாட்டுப் பெருமையும் குறைந்ததன்று. உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி அவர்கள் 1935 செப்டம்பர் 10-ஆம் நாள், மைசூரில் தம் இல்லத்திலேயே 30 வாட்டு ஆற்றலுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் வழங்கத் தொடங்கியது அந்நிலையத்திலேதான். பெங்களூருக்கு வானொலி நிலையம் வாய்த்தது 1955 நவம்பரில். ஆகவே அதற்கு முன் இந்நகரில் வாழ்ந்தோர் கேட்டதெல்லாம் தொலைவிலிருந்து வந்த ஒலியே.

பெட்டியின் பிறப்பு

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். அதனுள் உள்ள இழை சூடேறும்பொழுது மின்னணுக்கள் வெளிப்படும். அவற்றின் ஓட்டத்தை இடையிலுள்ள கம்பிவலை அடக்கியும் பெருக்கியும் ஆளும். 1904-இல் பிளெமிங்கும் 1906-இல் டி பாரஸ்டும் ஆக்கித் தந்த இக்கருவியே வானொலிக்கு உயிர்நாடி. ஆனால் இழையைச் சூடாக்குவதற்கே மிகுந்த மின்சாரம் வேண்டியிருந்தது. ஆதலால் 1920-களில் ‘தூக்கிச் செல்வது’ என்று விற்கப்பட்ட பெட்டிகள், திராவக மின்கலங்களுடன் ஓர் ஆள் சுமையாய் இருந்தன.

1938, 1939 ஆண்டுகளில் 1.4 வோல்ட்டில் எரியும் இழையுடைய வால்வுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. கைவிளக்கில் இடுகின்ற உலர் மின்கலத்தின் 1.5 வோல்ட்டே அவற்றிற்குப் போதுமானதாயிற்று. 1940-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழச் சுண்டுவிரல் அளவே உள்ள ஏழு கால் வால்வுகளையும், அவற்றாலான கைப்பெட்டியையும் கொணர்ந்தது. வானொலி கூடத்தை விட்டு மனிதனுடன் புறப்பட்டது அப்பொழுதுதான்.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது செனித் நிறுவனத்தின் ‘டிரான்ஸ் ஓஷியானிக்’. 1942 தொடக்கத்தில் வெளிவந்து, உலகப் போரால் சில திங்களிலேயே உற்பத்தி நின்று, 1946-இல் மீண்டும் தழைத்தது. இருப்புப்பாதைப் பணியில் உள்ளவன் என்ற முறையில் அதில் என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. இரும்பாலான இரயில் பெட்டிக்குள் வானொலி அலை எளிதில் நுழையாது. ஆகவே அதன் ஏரியலைத் தனியே கழற்றி, ரப்பர்க் கிண்ணங்களால் சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்படி அமைத்திருந்தனர். ஓடும் வண்டியில் உட்கார்ந்து உலகத்தைக் கேட்க வழிசெய்த அந்த அறிவை என்னென்பது!

இரண்டு மின்கலமும் ஒரு குறையும்

இப்பெட்டிக்கு இரண்டு மின்கலங்கள் வேண்டும். இழையைச் சூடாக்க 1.5 வோல்ட்டுக் கலம் ஒன்று. மின்னணுக்களை இழுக்க 67.5 அல்லது 90 வோல்ட்டுக் கலம் மற்றொன்று. 1.5 வோல்ட்டுச் சிறு கலங்கள் 45-ஐ ஒன்றாய் அடுக்கினால் 67.5 வோல்ட்டு, 60-ஐ அடுக்கினால் 90 வோல்ட்டு. அத்தனையும் ஒரே அட்டைப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன. அது தீர்ந்தால் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டும். அளவான வருவாயில் வாழும் குடும்பத்திற்கு இது சிறிய செலவன்று. ஆகவே மாலையில் அரைமணி, இரவில் அரைமணி என்று அளந்தே கேட்டனர். எண்ணெயை அளந்து விளக்கேற்றுவது போல!

செலவைக் குறைக்க ஐரோப்பியர் 1950-களில் இழையின் மின்னோட்டத்தைப் பாதியாக்கிய வால்வுகளைச் செய்தனர். டி.கே.96, டி.எப்.96, டி.ஏ.எப்.96, டி.எல்.96 என்னும் நான்கும் சேர்ந்து உட்கொள்வது 125 மில்லி ஆம்பியர். முன்னிருந்த 91 வரிசை வால்வுகளுக்கோ அதனினும் இருமடங்கு வேண்டியிருந்தது. முதலில் நிற்கும் ‘டி’ என்னும் எழுத்தே இழை 1.4 வோல்ட்டுக்கு உரியது என்பதைக் காட்டும். சேர்ப்போர் முதற்கண் அறியவேண்டிய குறி இது.

இரவில் வந்த தமிழ்

பகலில் மத்திய அலை அருகிலுள்ள ஊர்களுக்கே எட்டும். இருட்டிய பின்னரோ அது வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தொலைவு செல்லும். இவ்வியற்கை விதியே வேற்றூர் வந்த தமிழனுக்கு இரவுதோறும் தாய்மொழியைக் கொணர்ந்து தந்தது. பெங்களூரில் இருந்துகொண்டு திருச்சியைப் பிடிப்பர். சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பர். அலை மெலிந்தும் வலுத்தும் வரும். ‘கரகர’ ஓசை குறுக்கிடும். ஆயினும் நாதசுரத்தின் ஓர் இழை காதில் விழுந்துவிட்டால், ஒண்டுக் குடித்தனத்தின் ஒற்றை அறை ஊர்க்கோயில் மண்டபமாகிவிடும்.

அக்காலத்தில் வானொலி வைத்திருப்பதற்கு உரிமமும் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புத்தகத்தில் முத்திரை ஒட்டிக்கொள்வர். 1980-களில் அம்முறை நீங்கியது. பரணில் அவ்வுரிமப் புத்தகம் கிடைக்குமாயின் பத்திரப்படுத்துங்கள். யார், எந்த ஆண்டில், எந்த முகவரியில் வாழ்ந்தார் என்பதற்கு அது நேர்ச்சான்று.

ஜாலஹள்ளியில் ஓர் ஆண்டு இடைவெளி

1947 டிசம்பரில் அமெரிக்க பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடாக்க வேண்டிய இழை அதற்கு இல்லை. 90 வோல்ட்டும் வேண்டியதில்லை. 1954 அக்டோபரில் ‘ரீஜன்சி’ என்னும் சட்டைப்பை வானொலி நான்கு டிரான்சிஸ்டர்களுடன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கைப்பெட்டி வால்வு வானொலிக்கு அன்றே நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

அந்த 1954-ஆம் ஆண்டிலேயே நம் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1961-இல் அங்கு வானொலி வால்வுகள் உற்பத்தியாகத் தொடங்கின. 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திப் பொருள்களும் உற்பத்தியாயின. பழையதும் புதியதும் ஒரே வளாகத்தில் ஓராண்டு இடைவெளியில் பிறந்தமை வியப்பன்றோ! மேசை வானொலிகளில் வால்வு பின்னும் சில காலம் ஒளிர்ந்தது. கைப்பெட்டியோ டிரான்சிஸ்டர் முன் நிற்கமாட்டாமல் தோற்றது. உயர்வோல்ட்டுக் கலங்கள் கடைகளில் அருகின. கலமில்லாத பெட்டியை விற்கவும் மனமின்றி, எறியவும் மனமின்றி மக்கள் பரணில் ஏற்றினர். இன்று சேர்ப்போர்க்கு முழுமையான பெட்டிகள் சில கிடைப்பதன் காரணம் இதுவே.

நான் செய்த பிழை

நிற்க. என் பாட்டனார் வேலூரிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர். 1957-இல் பழைய விலைக்கு ஒரு கைப்பெட்டி வாங்கினார். அவர் காலத்திற்குப்பின் அது எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. 2011-இல் என் பாட்டியார், “அது பாடுமாடா? ஒரு தடவை கேட்கணும்” என்றார்கள். நான் ஆர்வமிகுதியால் 9 வோல்ட்டுச் சிறு மின்கலங்கள் பத்தை வரிசையாய் இணைத்து 90 வோல்ட்டு ஆக்கினேன். இழைக்குப் பெரிய கலம் ஒன்றை வைத்தேன். கம்பிகளின் நிறம் மங்கியிருந்தது. பொறுமையாய்ச் சோதித்திருக்க வேண்டும், சோதித்தேனில்லை. 90 வோல்ட்டு இழைக்குள் பாய்ந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு வால்வுகளும் ஒளிர்ந்து அவிந்தன. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை, “போகட்டும்” என்றார்கள்.

பழைய பழுதுபார்ப்போரின் அலமாரிகளில் தேடி, ஒவ்வொன்றாய் நான்கு வால்வுகளைச் சேர்க்க எட்டுத் திங்கள் ஆயின. அதற்குள் பாட்டியார் மறைந்தார்கள்.

2012-இல் ஓரிரவு பெட்டி பாடியது. அதன் அலைமானி அட்டையில் பாட்டனார் பென்சிலால் இட்ட கோடுகள் இரண்டு இருந்தன. முதற்கோட்டருகே முள்ளை நகர்த்தியபொழுது திருச்சி நிலையத்தின் தமிழ் மெலிதாய் ஒலித்தது. இரண்டாங்கோடு சிற்றலையில் உள்ளது. அங்கே இரைச்சலன்றி வேறொன்றும் இல்லை. அது எந்த நிலையம், எந்த நிகழ்ச்சிக்காக அதைக் குறித்துவைத்தார் என்பதைச் சொல்லக்கூடியவர் பாட்டியார் ஒருவரே. வால்வு போனால் வேறு வால்வு கிடைக்கும். அந்தச் செய்தியை இனி எந்தச் சந்தையில் வாங்குவது?

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே நம் குடியிருப்பு அன்பர்களை வேண்டிக்கொள்வது இது. பரணில் பழைய கைப்பெட்டி இருக்குமாயின் உடனே மின்சாரம் கொடாதீர்கள். உள்ளே பழைய மின்கலம் கசிந்திருந்தால் அப்புறப்படுத்துங்கள். ஆனால் அதன் மேலட்டையைக் காத்து வையுங்கள். வோல்ட்டு அளவு அதிலேதான் அச்சிடப்பட்டிருக்கும். மெழுகுக் காகித மின்தேக்கிகளை அறிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். கசியும் தேக்கி கடைசி வால்வையும் புது மின்கலத்தையும் வீணாக்கும். எது எந்தக் கம்பி என்பதை அளவுமானியால் இருமுறை பாருங்கள். 90 வோல்ட்டு கையைத் தொட்டால் அதிரச் செய்யும் என்பதையும் மறவாதீர்கள்.

இவையெல்லாம் பின்னர். முதலில், அப்பெட்டியைக் கேட்டு வளர்ந்த முதியவர் வீட்டில் இருந்தால் அவரருகே அமருங்கள். எங்கு வாங்கியது, எந்த நிலையத்தைக் கேட்டார்கள், கேட்க வந்த அண்டை வீட்டார் யாவர் என்று வினவி, ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த ஆண்டுவிழாவில் நம் சங்க மண்டபத்தில் ஒரு மேசையில் அப்பெட்டிகளையும் அத்தாள்களையும் வைப்போமாயின், ஊர்விட்டு வந்த நம் முன்னோர் இரவுகளில் எவ்வாறு தமிழ் கேட்டனர் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். பெட்டி பாடாவிட்டாலும் குற்றமில்லை, தாள் பேசும்.