சுண்ணாம்புக் குழியும் தொன்மை வேரும்: பாலாற்றுத் தோல் கழிவு வழக்கும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபும்

ஆய்வுச்சுருக்கம்

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தூய சூழலுக்கான உரிமையின் ஊற்றாக ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தைச் சுட்டியது. அப்பொதுச்சட்டமோ பண்டைய பிரித்தானியத் துரூயிதர்களிடம் வேர்கொண்டது என்னும் கருத்து ஆங்கிலச் சட்ட எழுத்துகளில் நெடுங்காலம் நிலவியது. இவ்விரு கூற்றுகளையும் இணைத்து ஆராயும் இக்கட்டுரை, பாலாற்று வழக்கில் பயன்பட்ட விதியின் மெய்யான முன்னோடி துரூயிதர் மரபன்று, தோல் தொழிலைச் சார்ந்த ஒரு சுண்ணாம்புக் குழி வழக்கே என்பதையும், தொன்மையை உரிமையின் அடிப்படையாகக் கொள்வது இருபுறமும் வெட்டக்கூடியது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாலாறு, தோல் பதனிடுதல், பொதுச்சட்டம், துரூயிதர், வசதியுரிமை, மிராசு.

முன்னுரை

ஒரு சட்டமோ உரிமையோ எவ்வளவு பழைமையானதோ அவ்வளவு வலிமையுடையது என்னும் எண்ணம் பல சமூகங்களில் காணப்படுகிறது. தமிழ் ஆய்வுலகும் இதற்கு விலக்கன்று. ஊராட்சி, நீர் மேலாண்மை, மக்கள் உரிமை ஆகியவற்றைப் பேசும்போது நாம் கல்வெட்டுகளின் காலத்திற்குச் செல்கிறோம். ஆங்கிலேயரும் தம் சட்டத்தின் வேரைத் தேடி உரோமப் படையெடுப்பிற்கு முந்திய காலத்திற்குச் சென்றனர். இத்தகைய தேடல் பாலாற்றங்கரை உழவருக்கு எந்த அளவில் உதவியது என்பதே இக்கட்டுரையின் வினா.

1996 தீர்ப்பும் அதன் மேற்கோளும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. நீதியரசர்கள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தின், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் ஆய்வின்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது எனத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும், தீங்கு நேருமுன் காக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்றும் அது அறிவித்தது.

இத்தீர்ப்பில் வரலாற்று மாணவர் கருதத்தக்க பகுதி ஒன்றுண்டு. தூய காற்றுக்கும் நீருக்குமான உரிமையை அரசமைப்பும் சட்டங்களும் காக்கின்றன எனினும், அவ்வுரிமையின் ஊற்று பொதுச்சட்டமே என்று நீதிமன்றம் கூறியது. இந்தியச் சட்டமுறை பிரித்தானியப் பொதுச்சட்டத்தின்மேல் நிறுவப்பட்டது என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். சான்றாக, 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டனின் உரை நூலிலிருந்து, பிறர்க்கு ஊறு விளைக்கும் தொல்லைகள் பற்றிய பகுதி மேற்கோளாக எடுத்தாளப்பட்டது. நீரோடையின் மேற்பகுதியில் சாயப்பட்டறையோ சுண்ணாம்புக் குழியோ அமைத்து நீரைக் கெடுப்பது குற்றம் என அப்பகுதி கூறுகிறது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்குவது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நாளும் நடைபெறும் வேலை. ஆதலின் அம்மேற்கோள் இவ்வழக்கிற்கு முற்றிலும் பொருந்தியது.

பிளாக்ஸ்டனும் துரூயிதரும்

பிளாக்ஸ்டனின் உரை நூல் 1765க்கும் 1769க்கும் இடையே நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியது மூன்றாம் தொகுதியின் பகுதி. நான்காம் தொகுதியின் இறுதி இயலில் அவர் ஆங்கிலச் சட்டத்தின் தோற்றத்தைப் பேசுகிறார். எழுதப்படாமல் வழக்காறாகவே தலைமுறைதோறும் வரும் சட்டம் என்னும் கருத்து, தம் கல்வியை எழுத்தில் வடிக்காத துரூயிதரின் வழக்கத்திலிருந்து வந்ததாகத் தோன்றுகிறது என்கிறார்.

துரூயிதர் என்போர் பண்டைய கெல்திய மக்களின் சமயக் குருமார். அவர்களைப் பற்றிய விரிவான பழஞ்சான்று கி.மு. முதல் நூற்றாண்டில் யூலியசு சீசர் எழுதிய காலியப் போர்க் குறிப்புகளின் ஆறாம் நூலாகும். பொது வழக்குகளையும் தனியார் வழக்குகளையும் அவர்களே தீர்த்தனர், தீர்ப்பை ஏற்காதவரை வேள்விகளிலிருந்து விலக்கினர், சிலர் இருபது ஆண்டுகள்வரை பயின்றனர், அக்கல்வி பிரித்தானியாவில் தோன்றியதாகக் கருதப்பட்டது என்பன அவர் தரும் செய்திகள். ஆயின் சீசர் விவரிப்பது காலியா நாட்டுத் துரூயிதரை. கி.பி. 60 அல்லது 61இல் உரோமத் தளபதி சுவெத்தோனியசு பவுலினசு மோனா தீவைத் தாக்கி அவர்களின் புனிதச் சோலைகளை அழித்ததைத் தசித்தசு பதிவு செய்துள்ளார். ஆங்கிலேயப் பொதுச்சட்டமோ 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றியின் அரச நீதிமன்றங்களில் உருப்பெற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ 1100 ஆண்டுகளில் உரோமர், சாக்சானியர், டேனியர், நார்மானியர் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. துரூயிதர் வழங்கிய விதி ஒன்றுகூட எழுத்தில் எஞ்சவில்லை. எனவே இத்தொடர்ச்சி சான்றால் நிறுவப்பட்டதன்று, விரும்பி ஏற்கப்பட்டது.

அவ்விருப்பத்திற்கு அரசியல் காரணம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் சர் ஜான் போர்ட்டெஸ்கியூ, பிரித்தானியர் காலம்தொட்டு ஆங்கிலேய வழக்காறுகள் மாறாமல் வருகின்றன என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் எட்வர்ட் கோக் தம் வழக்குத் தொகுதிகளின் முன்னுரைகளில் இக்கருத்தைத் துரூயிதர்வரை நீட்டினார். மன்னர் முதலாம் ஜேம்ஸ் சட்டத்திற்கு மேற்பட்டவர் அல்லர் என வாதிட்ட கோக்கிற்கு, எம்மன்னரும் படைக்காத ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஜான் செல்டன் என்னும் சமகால அறிஞர் 1616இலேயே இதனை ஐயுற்றார். பலமுறை பழுதுபார்க்கப்பட்டுப் பழைய மரம் எதுவும் எஞ்சாத கப்பலுக்கு அவர் சட்டத்தை ஒப்பிட்டார். ஜே.ஜி.ஏ. போகாக் 1957இல் வெளியிட்ட ஆய்வு, இத்தொன்மை நம்பிக்கையை அக்கால அரசியல் சிந்தனையின் அடித்தளமாகவே விளக்கியது.

மெய்யான முன்னோடி

துரூயிதர் தொடர்ச்சி சான்றற்றது எனின், பிளாக்ஸ்டன் கூறிய சுண்ணாம்புக் குழி எங்கிருந்து வந்தது? விடை கோக்கின் தொகுதியிலேயே உள்ளது. 1610இல் தீர்க்கப்பட்ட ஆல்டிரெட் வழக்கு, வீட்டருகே அமைத்த பன்றிக் கொட்டிலின் நாற்றம் பற்றியது. அதனைப் பதிவு செய்த கோக், ஏழாம் ஹென்றியின் 13ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த ஒரு பழைய வழக்கை முன்னுதாரணமாகக் காட்டுகிறார். கையுறை செய்வோன் ஒருவன் கன்றுத் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்குமாகச் சுண்ணாம்புக் குழி அமைத்தான். அதன் கழிவு அண்டை வீட்டிற்குச் செல்லும் வாய்க்கால் நீரைக் கெடுத்தது. அவ்வீட்டில் குடியிருந்தோர் வெளியேறினர். ஆகவே வழக்குத் தொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீர்க்கப்பட்ட இச்சிறு வழக்கே பாலாற்று வழக்கின் மெய்யான முன்னோடி. ஒரு தொழில், ஒரு குழி, கெட்ட நீர், வெளியேறிய குடிகள் ஆகிய நான்கும் இரண்டிலும் உள்ளன. தொன்மையைக் கொண்டாடிய கோக்கே, ஆவணத்தால் மெய்ப்பிக்கத்தக்க இவ்வேரையும் நமக்கு விட்டுச் சென்றுள்ளார்.

வட ஆர்க்காட்டிற்கு வந்த சட்டம்

1801இல் கர்நாடக உடன்படிக்கையால் வட ஆர்க்காட்டுப் பகுதி கம்பெனி ஆட்சியின்கீழ் வந்தது. அதே ஆண்டு சென்னையில் உச்ச நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. ஆங்கிலேயப் பொதுச்சட்டம் முதன்மையாகச் சென்னை நகரத்திற்கே உரியதாயிருந்தது. மாவட்ட நீதிமன்றங்கள், சட்டம் வாய்திறவாத இடங்களில், நீதி, நேர்மை, நல்மனச்சான்று என்னும் அளவுகோலைப் பின்பற்றின. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணம் முழுமைக்கும் பொருந்தியது. தம் நிலத்தின் வழியே இயல்பாக ஓடும் அல்லது கசியும் நீர், பிறரால் அளவுமீறி மாசுபடுத்தப்படாமல் வந்துசேர வேண்டும் என்னும் நில உடைமையாளரின் உரிமையை அதன் 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஏற்கிறது. ஆம்பூர் உழவர் ஒருவர்க்கு 1882 முதலே இவ்வுரிமை எழுத்தில் இருந்தது.

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு மறுபுறத்தைக் காட்டுகிறது. இருபது ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையாகவும் இடையறாது ஒன்றைத் துய்த்தவர்க்கு அது வசதியுரிமையாகிறது. நீரை மாசுபடுத்தும் உரிமைக்கு அவ்விருபது ஆண்டுகள் எப்போது தொடங்கும் என்பதற்கும் அங்கு விளக்கம் தரப்பட்டுள்ளது. அதாவது, போதிய காலம் எதிர்ப்பின்றி மாசுபடுத்தியவரும் பழைமையைக் காட்டி உரிமை கோரலாம். பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லை எவ்வளவு காலம் நீடித்தாலும் உரிமையாகாது என்பது பொதுச்சட்டத்தின் மற்றொரு விதி. அவ்விதியே ஆற்றங்கரை மக்களைக் காப்பது. பழைமை உரிமையைத் தரும் எனில், 19ஆம் நூற்றாண்டு தொட்டு இயங்கும் ஒரு தொழிலுக்கும் அது தரும் என்பதை மறத்தலாகாது.

தொண்டைமண்டலத்தின் தொன்மை

ஆங்கிலேய வேருக்கு மாற்றாகத் தமிழ் வேரை முன்வைக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் இவ்வட்டாரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816இல் எழுதி 1818இல் அச்சான மிராசு உரிமை பற்றிய ஆய்வுரை, ஆதொண்டைச் சக்கரவர்த்தி வேளாளரைக் குடியேற்றிய மரபிலிருந்து தொண்டைமண்டலத்துக் காணியாட்சியை விளக்கியது. ஐரோப்பிய ஆட்சியாளரிடம் உள்ளூர் உரிமைக்காக அது வாதாடியது. ஆயினும் அவ்வுரிமை காணியாளர்க்கு உரியது. அவர் நிலத்தோடு பிணைக்கப்பட்டு உழைத்த மக்கள் உரிமையாளராக அன்று, உடைமையின் பகுதியாகவே எண்ணப்பட்டனர்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் அவ்வாறே நோக்கத்தக்கன. முதலாம் பராந்தகனின் காலத்தைச் சார்ந்த கி.பி. 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் குடவோலை முறையையும் தெளிவாகக் காட்டுகின்றன. துரூயிதர் சட்டத்திற்கு இல்லாத எழுத்துச் சான்று இதற்கு உண்டு என்பது பெரிய வேறுபாடு. எனினும் அது ஒரு பிரமதேயச் சபையின் ஏற்பாடு. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவை, வேதக் கல்வி ஆகியன தகுதிகளாக வைக்கப்பட்டன. ஏரியைக் காத்த அமைப்பு என்று அதனைப் போற்றலாம். அனைவர்க்குமான உரிமையின் ஊற்று என்று கூறவியலாது.

பழைய வேர்கள் எவையும் எண்ணாத மக்கள் இன்றைய பாலாற்றுப் படுகையில் உள்ளனர். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து தொழிலாளர் பத்துப்பேர் உயிரிழந்தனர். நிலமும் கிணறும் உடையவரைக் காக்கப் பிறந்த நீருரிமை விதி, நிலமற்ற இத்தொழிலாளரைத் தானாகவே தழுவிக்கொள்வதில்லை. அவர்களுக்கு உதவக்கூடியது வாழ்வுரிமை பற்றிய 21ஆம் உறுப்பும், தொழிற்சாலைச் சட்டங்களும், அவற்றைச் செயற்படுத்தும் அலுவலருமே.

முடிவுரை

துரூயிதர் வேர் என்பது வரலாற்று உண்மையன்று. ஆயினும் மன்னரின் மேலாண்மையைத் தடுக்க அது ஒரு காலத்தில் பயன்பட்டது. 1996இல் பொதுச்சட்டத்தைச் சுட்டியதும் அத்தகைய பயனை நல்கியது. அரசின் சட்டம் வழங்கியதை அரசே குறைக்கலாம் என்னும் வாதத்திற்கு இடமின்றி, அவ்வுரிமை சட்டத்திற்கு முற்பட்டதாக நிறுத்தப்பட்டது. ஆனால் வழக்கை வென்றது தொன்மையன்று. கெட்டுப்போன நிலங்களின் கணக்கும், நீரின் ஆய்வறிக்கையும், 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வென்றன. அவ்வெற்றியும் முழுமையடையவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர்ப் பகுதி மாசையும் நிலுவையிலுள்ள இழப்பீட்டையும் பற்றி ஆணையிட நேர்ந்தது.

எனவே ஆய்வாளர் ஆற்றத்தக்க பணி ஒன்று தெளிவாகிறது. உரிமையின் வேர் எவ்வளவு ஆழமானது என்று தேடுவதைக் காட்டிலும், அது எவர் அளித்த முறையீட்டால், எந்தச் சான்றால், எந்த நீதிமன்றத்தில் உறுதிபெற்றது என்று தேடுவது பயனுடையது. வட ஆர்க்காட்டு மாவட்ட நீதிமன்ற ஆவணங்களிலும் வருவாய்த்துறைக் கோப்புகளிலும் உள்ள நீர் மாசு முறையீடுகளைத் தொகுத்து ஆராய்வது அதற்கு முதற்படியாகும். துரூயிதர் எதையும் எழுதி வைக்கவில்லை. தோல் கழிவால் நீர் கெட்டவரின் முறையீடு எழுதி வைக்கப்பட்டதனாலேயே ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் பாலாற்றுக்கு உதவிற்று.